பேஸ்ல டிஸ்பாட்ச் ரூமுக்கு லீட் ஆகப்போறன், நேற்றுவரைக்கும் பக்கத்தில இருந்த ஆக்களை எப்படி நடத்துறது?

வெள்ளவத்தை_நைட்ஷிப்ட் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் வளைகுடாவில ஒரு அமெரிக்க மிலிட்டரி பேஸ்ல ஃபயருக்கும் மெடிக்கலுக்கும் வாற எமர்ஜென்சி கோல் எடுத்து ட்ரக், அம்புலன்ஸ் அனுப்புற ரூம்ல ஆறு வருஷமா வேலை செய்யிறன், கொன்ட்ராக்ட் கம்பனி ஒண்டுக்குக் கீழ. இப்ப லீவுல கொழும்புக்கு வந்து நிக்கிறன், இன்னும் 13 நாள் கிடக்கு. போன கிழமை மெயில் வந்தது, திரும்பிப் போனவுடன நைட் ஷிப்டுக்கு நான்தான் லீட் எண்டு. அம்மா சந்தோசத்தில மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துட்டு வந்தா. எனக்கு அண்டிரவு நித்திரை வரேல்ல.

ஒரு ஷிப்டுக்கு நாலு பேர், 12 மணித்தியாலம். பிலிப்பைன்காரர் ரெண்டு பேர், கென்யாக்காரி ஒராள், ஒரு மலையாளி, ஒரு நேபாளப் பெடியன், நான், இப்படி மாறி மாறி வருவம். ஒண்டாச் சாப்பிட்டு ஒண்டா பஸ்ஸில போய் வந்து, ஒருத்தற்ற வீட்டில செத்தவீடு எண்டா மற்ற எல்லாரும் காசு சேர்த்து அனுப்பின ஆக்கள். அவையளுக்கு நான் இனி எப்படி ஓர்டர் போடுறது?

ரெண்டு மாசத்துக்கு முதல் நடந்த ஒண்டு மனசை விட்டுப் போகுதில்ல, அதைச் சொன்னாத்தான் என்ர கேள்வி விளங்கும். விடிய 3.40 இருக்கும். நேபாளப் பெடியன் கோலை எடுக்கிறான், ட்ரெய்னிங் முடிச்சு மூண்டாவது கிழமை. சமையல் கட்டிடத்தில புகை போற குழாய்க்குள்ள நெருப்பு எண்டு ஒராள் கத்துறார், பின்னால அலாம் அடிக்குது. கட்டிட நம்பர் 4127 எண்டு வையுங்கோ (நம்பரை மாத்தித்தான் சொல்லுறன்), பெடியன் அடிச்சது 4217. ரெண்டும் பேஸின்ர ரெண்டு மூலை. ட்ரக் போய் இருட்டில ஒரு ஸ்டோருக்கு முன்னால நிண்டு "இங்க ஒண்டும் இல்லை" எண்டு ரேடியோவில சொல்ல ரூம்ல எல்லாருக்கும் கைகால் விறைச்சுப் போச்சு. நான் ரெக்கோர்டிங்கைத் திருப்பிப் போட்டுக் கேட்டு சரியான நம்பரைக் குடுத்தன், எல்லாமாச் சேர்த்து ஆறு நிமிஷம் வீண். கடவுள் புண்ணியத்தில சமையல்காரர் ஒராள் அதுக்கிடையில கையில தூக்கிற சிலிண்டராலேயே அணைச்சுப்போட்டார், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்ல.

அப்ப லீடா இருந்தவர் பெடியனை எல்லாருக்கும் முன்னால நிக்க வைச்சுக் கிழிச்சார். அண்டையில இருந்து போன் அடிச்சா அவன் முதல்ல எங்கட முகங்களைப் பாக்கிறான், பிறகுதான் எடுக்கிறான். அந்த ரெண்டு செக்கன் எனக்கு நெஞ்சில குத்துது.

அதால கேக்கிறன். பிழை விட்ட ஆளை எப்படித் திருத்துறது, கஷ்டமான கோல் வந்தா நானே வாங்கிக் கதைக்கிறதோ இல்லை விடுறதோ. இன்னொண்டும் இருக்கு. போன வருஷம் டைனிங் ஹோல் பின்பக்கத்தில இருந்து ஒரு கோல், இங்கிலிஷ் ஒரு சொல்லும் வரேல்ல, மூச்சு வாங்கிற சத்தம், பிறகு "ஐயோ முருகா" எண்டு ஒரு குரல். நான் பக்கத்து மேசையில இருந்து ஹெட்செட்டை வாங்கி "என்னண்ணே, தமிழோ" எண்டு கேக்க மனுசன் விக்கி விக்கி அழத் தொடங்கிட்டார். தமிழ்நாட்டு ஆள், கூட வேலை செய்யிறவர் விழுந்து மூச்சுப் பேச்சில்லாமக் கிடக்கிறார். தமிழிலேயே கையை எங்க வைக்கிறது எப்படி அமத்துறது எண்டு சொல்லி, ஒண்டு ரெண்டு மூண்டு நாலு எண்டு அவரோட சேர்ந்து நானும் எண்ணினன், அம்புலன்ஸ் வந்து சேரும்வரைக்கும். விழுந்தவர் பிழைச்சு உயிரோட ஊருக்குப் போனார். ஆனா பிறகு ரெக்கோர்டிங் கேட்ட ஒருத்தர், ஏன் இங்கிலிஷில கதைக்கேல்ல எண்டு என்னட்ட எழுத்தில விளக்கம் கேட்டார். இனி என்ர ஷிப்டில இப்படி ஒண்டு வந்தா நான் என்ன சொல்லிக்குடுக்க? இந்த வேலை தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தா தயவு செய்து சொல்லுங்கோ.


மெரின்டிரைவ்_அண்ணர் எழுதினது:

தம்பி, முதல்ல வாழ்த்துக்கள். நான் ரெண்டு பேஸ்ல 17 வருஷம் இதே வேலை, கடைசி எட்டு வருஷம் லீட், 2019 இல வேலையை விட்டுட்டு வந்து இப்ப மெரின் டிரைவில பின்னேரம் நடந்து திரியிறன். பெடியன்ர அந்த ரெண்டு செக்கனைக் கண்டுபிடிச்சனீர் பாரும், அதைக் காணுற கண் இருக்கிற ஆளுக்குத்தான் அந்தக் கதிரை குடுக்க வேணும்.

கோலை நீர் வாங்காதேயும். இது நான் பட்டுத் தெரிஞ்சது. லீட் ஆன முதல் மாசம் கஷ்டமான கோல் எல்லாம் நான்தான் எடுத்தன், என்னை விட ஆருக்குத் தெரியும் எண்டொரு நினைப்பு. ஒருநாள் நெஞ்சு நோ கேஸ் ஒண்டு, நான் ஹெட்செட்டுக்குள்ள தாண்டு போயிருக்கிறன், கட்டிடங்களின்ர ஃபயர் அலாம் எல்லாம் வந்து சேருற மொனாக்கோ பனல்ல அலாம் ஒண்டு வந்து கிடக்கு. அண்டைக்கு மணல் காத்து, உமக்குத் தெரியும்தானே, மணல் காத்தெண்டா ட்ரபிள் சிக்னல் (நெருப்பில்லை, கருவியில கோளாறு எண்டு சொல்லுறது) விடாம வந்துகொண்டே இருக்கும், எல்லாரும் அமத்தி அமத்திக் காது செத்துப் போயிடும். அதுக்குள்ள உண்மையான அலாமும் கலந்து வந்துட்டு. பக்கத்தில இருந்த பிள்ளை அதையும் ட்ரபிள் எண்டு நினைச்சு அமத்தப்போய் கடைசி நேரம் கண்டிட்டாள். அவள் காணாட்டி? நான் லீட், நான் அதைக் கேக்க வேண்டிய ஆள், ஆனா என்ர ரெண்டு காதும் ஒரு கோலுக்குள்ள. அண்டையோட விளங்கினது, ரூம்ல ஒராளின்ர காதாவது சும்மா இருக்க வேணும், மற்ற மூண்டு பேரும் என்ன கதைக்கினம், பனல் என்ன சொல்லுது, ரேடியோவில ட்ரக்காரன்ர குரல் ஏன் மாறுது எண்டு கேட்டுக்கொண்டிருக்க வேணும். அந்தக் காதுதான் லீட். போன் அடிச்சுக்கொண்டிருக்க எடுக்காம இருக்கிறது முதல்ல பெரிய பாடு, கை தன்ர பாட்டில போகும். மேலிடத்துக்கும் கணக்கு வேணும், அமெரிக்காவில 911 எமர்ஜென்சி கோல்ல 90 வீதம் 15 செக்கனுக்குள்ள, 95 வீதம் 20 செக்கனுக்குள்ள எடுபடவேணும் எண்டு ஸ்டேண்டர்ட் இருக்கு, அதைக் காட்டி நெருக்குவினம். பெடியன்ர ரெண்டு செக்கனால அந்தக் கணக்கு ஒண்டும் உடையாது, அதாலதான் அது ஒருத்தற்ற கண்ணிலயும் படாது, உம்மட கண்ணைத் தவிர.

4127 கதைக்கு வாறன். அதை ஒரு பெடியன்ர பிழை எண்டு நினைச்சீரெண்டா நாளைக்கு இன்னொரு பெடியன் விடுவான். கோல் பண்ணின ஆள் எப்படிச் சொல்லியிருப்பார், ஃபோர்ட்டி வன் ட்வென்ட்டி செவன் எண்டு ஒரே மூச்சில. அதை இங்கிலிஷ் தாய்மொழி இல்லாத ஒருத்தன், அலாம் சத்தத்துக்கு நடுவில, விடியப்புறம் கேக்கிறான். நாங்கள் என்ர ரூம்ல வைச்ச வழக்கம், ஒவ்வொரு இலக்கமாத் திருப்பிச் சொல்லுறது, ஃபோர், வன், டூ, செவன், ஓம் எண்டு ஆள் சொன்ன பிறகு இன்னொரு கேள்வி, "உங்களுக்கு முன்னால என்ன தெரியுது?". ஜிம் எண்டு சொல்லுவார், தண்ணி டாங்கி எண்டு சொல்லுவார். மேப்பில அந்த நம்பருக்குக் கிட்ட தண்ணி டாங்கி இல்லை எண்டா உடன விளங்கும். இதுக்கு அஞ்சு செக்கன் போகும், ஆறு நிமிஷம் மிஞ்சும். இங்க கொழும்பிலயும் இதே கதைதானே, ஒருத்தர் கிறீன் பாத் எண்டுவார், றோட்டுப் பேர் போர்டில ஆனந்த குமாரசுவாமி மாவத்தை எண்டு இருக்கும், டுப்ளிகேஷன் றோட் எண்டு சொல்லுற ஆளுக்கு ஆர். ஏ. டி மெல் மாவத்தை எண்டா விளங்காது, எங்கட வெள்ளவத்தை ஹை ஸ்ட்ரீட்டை இப்பவும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை எண்டு சொல்லாத கிழவர்கள் எத்தினை பேர். வாயில இருக்கிற பேர் வேற, மேப்பில இருக்கிற பேர் வேற. இடம் பிழைச்சா மற்றதெல்லாம் சரியா இருந்தும் பிரயோசனம் இல்லை, அதால என்ன நடந்தது எண்டு கேக்க முதல் எங்க எண்டு கேக்கிறது, பிறகு திருப்பி அடிக்க ஒரு நம்பர், பிறகுதான் மற்றது.

இன்னொண்டு, உம்மட ஆக்களை ட்ரக்கில ஏத்தி பேஸைச் சுத்திக் காட்டும், பகல்ல ஒருக்கா இருட்டில ஒருக்கா. வருஷக்கணக்கா ரூமுக்குள்ள இருந்து கட்டிட நம்பர் சொல்லுற ஆள் அந்தக் கட்டிடத்தின்ர வாசல் எந்தப் பக்கம் எண்டு கண்டிருக்க மாட்டான். ரூம்ல தொங்குற, கட்டம் கட்டமாப் பிரிச்ச கிரிட் மேப்பும் ட்ரக்கில கிடக்கிற கிரிட் மேப்பும் ஒரே பதிப்போ எண்டும் பாரும். நான் பாத்த நேரம் ஒரு ட்ரக்கில பழைய மேப், அதில கூடாரம் எண்டு போட்டிருந்த இடத்தில ரெண்டு மாடிக் கட்டிடம் எழும்பி நிண்டது.

திருத்துறது பற்றி. கோல் முடிஞ்சு ஆளுக்கு மூச்சு வந்த பிறகு, ரூமுக்கு வெளியில, தனிய, ரெக்கோர்டிங்கைப் போட்டு நீர் வாயைத் திறக்காம அவனையே கேக்க விடும். அவனே கண்டுபிடிப்பான், நூற்றுக்குத் தொண்ணூறு தரம் அப்படித்தான். பிறகு ரூமுக்கு நீர் சொல்ல வேண்டியது "இண்டையில இருந்து நம்பரை ஒவ்வொண்டாத் திருப்பிச் சொல்லுவம்" எண்ட புது வழக்கத்தை மட்டும். ஆற்ற பேரும் வரக்கூடாது. முன்னால நிக்க வைச்சுப் பேசினா அடுத்த பிழையை அவன் மறைப்பான், மற்ற மூண்டு பேரும் மறைப்பினம், இந்த வேலையில மறைச்ச பிழை ஆளைக் கொல்லும்.

ஷிப்ட் மாறேக்க அடுத்த ஆக்களுக்குச் சொல்லிக்குடுக்கிற ஹேண்ட்ஓவரை விட்டுடாதேயும். 15 நிமிஷம் முந்தி வரச் சொல்லும். எந்த ஹைட்ரண்ட் பூட்டிக் கிடக்கு, எந்த றோட்டைக் கிண்டியிருக்கு, எந்த ட்ரக் வேர்க்ஷொப்பில நிக்குது, எல்லாத்தையும் வாயால வாசிக்க வேணும், எழுதி வைச்சிட்டுப் போறது காணாது. லொக்கில நேரம் சூலுவில (உலகப் பொது நேரம், யூடிசி) போடுற இடமெண்டா நைட் ஷிப்ட் ஆக்களுக்குத் திகதி மாறும், குவைத்தில விடிய 2 மணி எண்டா சூலுவில முதல் நாள் இரவு 11. விசாரணை ஒண்டு வந்தா அந்த ஒரு திகதியே உங்கள் எல்லாரையும் பொய்யர் ஆக்கிப்போடும்.


கொட்டாஞ்சேனை_அக்கா எழுதினது:

தம்பி நான் கொழும்பிலயே அம்புலன்ஸ் கோல் எடுக்கிற வேலைதான் செய்றேன், மிலிட்டரி விசயம் எனக்குத் தெரியாது, ஆனா போன்ல அழுற மனுசன் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரிதான்.

முதல்ல அந்தத் தமிழ் கோல். நீங்க செஞ்சது நூறு வீதம் சரி, அதுக்காக ஒரு நிமிஷம் கூட மனசு கலங்க வேணாம். பயம் வந்தா வாய்ல தாய்மொழிதான் வரும். இங்க 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2016ல மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் 88 அம்புலன்ஸோட தொடங்கி, 2018 ஜூலைல வடக்குக்கும் போச்சு, யாழ்ப்பாணத்தில இருந்து அடிக்கிற ஒரு அம்மாக்கு தமிழ்ல பதில் சொல்ல ஆள் இல்லன்னா அந்த வண்டி போயும் என்ன செய்யும். மூச்சு நின்ட ஆளுக்கு நெஞ்சை அமத்தாம விட்ட ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு 7ல இருந்து 10 வீதம் குறையுது. நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தரம் அமத்தணும், பெரிய ஆளுக்கு 5 சென்ரிமீட்டராவது உள்ள போகணும், அந்த வேகத்தில இங்கிலிஷ்ல எண்ணத் தெரியாத ஒருத்தரை எண்ண வைக்க முடியுமா? இனி உங்க ஷிப்ட்ல எந்த பாஷை யாருக்குத் தெரியும்னு சுவர்ல ஒரு பேப்பர் ஒட்டுங்க, மலையாளம், டகாலொக், நேபாளி, சுவாஹிலி, ஹிந்தி எல்லாம் உங்க ரூம்லயே இருக்கே, அது எவ்வளவு பெரிய சொத்து. கோல் முடிஞ்சதும் லொக்ல "ஆள் தமிழ் மட்டும் பேசினார், உதவி தமிழில் சொல்லப்பட்டது, நேரம் இவ்வளவு" ன்னு அவங்களையே எழுத வைங்க. எழுதி இருந்தா விளக்கம் கேக்க ஒன்டும் இருக்காது.

அண்ணர் கோலை வாங்க வேணாம்னு சொல்றாரு, நான் பாதிதான் ஒத்துக்குவேன். சின்னப் பிள்ளைங்க கேஸ் வந்தா புது ஆளைத் தனிய விடாதீங்க. வாங்கவும் வேணாம், கதிரையை இழுத்துப் போட்டு பக்கத்தில உக்காருங்க, ரெண்டாவது ஹெட்செட்டைப் போட்டுக் கேளுங்க, ஒரு துண்டுல அடுத்த கேள்வியை எழுதித் தள்ளுங்க. எனக்கு முதல் வருசம் மட்டக்குளி தோட்டம் ஒன்டுல இருந்து ஒரு கோல், பிள்ளைக்கு வலிப்பு, அம்மா கத்திக்கிட்டே 46 ன்னு சொல்றா, 46க்குள்ள நூத்துக்கு மேல வீடு, எல்லாமே 46ன் கீழ ஏதோ ஒரு நம்பர். எனக்குக் கை நடுங்குது. எங்க சீனியர் அக்கா பக்கத்தில வந்து உக்காந்து துண்டுல "வாசல்ல நின்டா என்ன தெரியும்" ன்னு எழுதினாங்க. நான் கேட்டேன். பொதுத் தண்ணிக் குழாய், நீலக் கலர் ஷட்டர் போட்ட கடைன்னு சொன்னா. அந்தக் கடைக்கிட்ட ஒரு ஆளை டோர்ச்சோட நிக்கச் சொல்லுங்கன்னு அக்கா அடுத்த துண்டு. வண்டி நேரா போய் நின்டது. அந்தக் கோலை நான்தான் முடிச்சேன், அக்கா முடிக்கல, அதுனாலதான் நான் இன்னும் இந்த வேலையில இருக்கேன்.

கெட்ட கோல் முடிஞ்சா ஆளை உடனே அடுத்த போனுக்கு விடாதீங்க. பத்து நிமிஷம் வெளிய அனுப்புங்க, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வரட்டும், அந்தப் பத்து நிமிஷம் மட்டும் நீங்க போனை எடுங்க. வண்டி போன பிறகு அந்த ஆள் பிழைச்சாரா இல்லையான்னு நமக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, அதுதான் இந்த வேலையில ஆளை அரிக்கிற விசயம். ஆஸ்பத்திரிப் பக்கம் கேட்டு சொல்லக்கூடியதைச் சொல்லுங்க, நல்லதோ கெட்டதோ.


கொம்பனித்தெரு_நானா எழுதினது:

நான் மத்தப் பக்கத்து ஆள் தம்பி, வளைகுடா பேஸ்ல ஃபயர் ட்ரக்ல 11 வருஷம். ட்ரக்ல இரிக்கிறவனுக்கு உங்கட ரூம்ல இருந்து வார குரல் மட்டும்தான் கண். அது கத்திச்சிண்டா நாங்களும் கத்துவோம், அமைதியா வந்திச்சிண்டா எங்கட கையும் அமைதியா வேலை செய்யும்.

கோலை வாங்க வாணாம் எண்ட பேச்சு கட்டிட நெருப்புக்கு சரி. கிராஷ் போனுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். பிளேன் ஒண்டுக்கு ஆபத்தெண்டா கன்ட்ரோல் டவர்ல இருந்து வார போன் அது, வந்தா எல்லாருக்கும் ஒரே நேரத்தில போகும், ஒருக்காத்தான் சொல்லுவாங்க, என்ன பிளேன், என்ன பிரச்சினை, எத்தினை உசிரு உள்ள, எவ்வளவு எண்ணெய் மிச்சம், எந்த ரன்வே, எத்தினை நிமிஷத்தில, காத்து எந்தப் பக்கம். புது ஆள் திருப்பிச் சொல்லக்குள்ள ஒண்டு பிழைச்சாலும் லீட் அந்த இடத்திலயே குறுக்க வந்து திருத்தணும், தனிய கூப்பிட்டு பொறவு சொல்ற நேரம் அங்க இல்ல. எஃப்-16 சண்டை பிளேன் எண்டா காத்துப் பக்கம் எங்களுக்கு உசிரு. அதுல எஞ்சின் நிண்டா பவர் குடுக்கிற எமர்ஜென்சி பவர் யூனிட் ஓடி இருந்திச்சிண்டா உள்ள ஹைட்ரசீன் எண்ட எரிபொருள், 70 வீதம் அது 30 வீதம் தண்ணி, மூச்சில போனாலும் தோல்ல பட்டாலும் விஷம். நாங்க காத்து வார பக்கமா போய் நிக்கணும். ஒருக்கா டிஸ்பாட்ச்ல இருந்த ஆள் காத்தைச் சொல்ல மறந்துட்டாரு, நாங்க ட்ரக்கை நிப்பாட்டிட்டு ரேடியோவில காத்து காத்து எண்டு கேட்டுட்டு நிண்டோம், அந்த நேரத்தை இண்டைக்கும் மறக்கல்ல. காத்தைக் கேக்காம ட்ரக்கை விட வாணாம் எண்டு உங்கட ஆக்களுக்கு பழக்கிவிடுங்க.

மத்தது கேட். பேஸுக்கு வெளிய இருந்து அந்த நாட்டு அம்புலன்ஸ் உதவிக்கு வந்தா கேட்ல செக் பண்ண நிப்பாட்டுவாங்க, அது அவங்கட டியூட்டி, குத்தம் சொல்ல ஏலா. வண்டி வர முந்தியே கேட்டுக்கு சொல்லி, கூட்டிப் போக ஒரு வாகனத்தை அங்க நிப்பாட்டி வெக்கிறது டிஸ்பாட்ச்தான். வந்து நிண்ட பொறவு சொன்னா வேலையில்ல. அதே மாதிரி பேஸுக்குள்ள ஒருத்தன் சொந்த மொபைல்ல அடிச்சா கோல் உங்களுக்கு வராம அந்த நாட்டு நம்பருக்குப் போகும், குவைத் எண்டா 112, கத்தார் எண்டா 999. அங்கால எடுக்கிற ஆளுக்கு உங்கட கட்டிட நம்பர் ஒண்டுமே விளங்காது. அதனால உங்கட ரூம்ட நேர் நம்பரை புதுசா வார ஒவ்வொருத்தண்ட போன்லயும் போட வெக்கணும், தூங்குற இடத்துக் கதவுலயும் ஒட்டணும்.


வெள்ளவத்தை_நைட்ஷிப்ட் எழுதினது:

மூண்டு பேருக்கும் என்ன சொல்லுறது எண்டு தெரியேல்ல. நானா சொன்ன காத்துக் கதையை வாசிச்சிட்டு எழும்பி கொஞ்ச நேரம் நடந்தன், எங்கட பக்கத்தில இருந்து நாங்கள் அதை ஒரு கட்டம் நிரப்புற வேலை மாதிரித்தான் கேட்டு எழுதியிருக்கிறம். அக்கா, பாஷைப் பேப்பர் போன உடன ஒட்டுவன்.

இன்னொரு விசயம் முதல்ல எழுத மனம் வரேல்ல. பிலிப்பைன்காரர்ல ஒராள் என்னை விட நாலு வருஷம் சீனியர், இந்த இடம் தனக்குத்தான் எண்டு எதிர்பாத்தவர், எனக்கு ட்ரெய்னிங் தந்ததே அவர். மெயில் வந்த அண்டைக்கு எல்லாரும் வாழ்த்து அனுப்பிச்சினம், அவர் மட்டும் இல்லை. அவருக்கு மேல இருந்து நான் எப்படி?


மெரின்டிரைவ்_அண்ணர் எழுதினது:

முதல் ஷிப்டுக்கு முதல், ரூமுக்குப் போக முதல், அவரிட்டப் போம். மெசேஜ் வேண்டாம், நேர போம். இந்த இடத்துக்கு நீங்களும் தகுதியான ஆள் எண்டு எனக்குத் தெரியும், எனக்கு இந்த வேலை பழக்கினது நீங்கள், அதை நான் மறக்கேல்ல எண்டு சொல்லும். அது உண்மை எண்டதால உமக்கு வாய் கூசாது. பிறகு புது ஆக்களைப் பழக்கிற வேலையை முழுசா அவரிட்டக் குடும், பேருக்கு இல்லை, அவர் ஒராள் ரெடி இல்லை எண்டு சொன்னா நீர் அந்த ஆளைத் தனியப் போனில இருத்தக்கூடாது. அவர் ஒரு மாசம் முகம் குடுக்காம இருக்கலாம், பொறும். ஆனா போன்ல, ரேடியோவில வேலை குறைஞ்சா அண்டைக்கே தனியக் கூப்பிட்டுச் சொல்ல வேணும், சீனியர் எண்டு விடப்படாது.

நானா கிராஷ் போன் பற்றிச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளுறன், அங்க குறுக்க போகத்தான் வேணும். அதை ஷிப்ட் துடங்க முதலே எல்லாருக்கும் சொல்லி வையும், அப்ப ஒருத்தரும் அதை அவமானமா எடுக்க மாட்டினம்.

நேபாளப் பெடியனுக்கும் ஒரு வேலை குடும். மாறிக் கேக்கக்கூடிய கட்டிட நம்பர்களைச் சோடி சோடியா எடுத்து எழுதச் சொல்லும், ரூம் கொப்பியில, ரூமுக்குள்ளயே, போனிலயோ வட்ஸ்அப்பிலயோ ஒண்டும் வரக்கூடாது, அது மிலிட்டரி இடம். பிழை விட்ட ஆளுக்குத்தான் அந்தப் பிழை எப்படி வரும் எண்டு நல்லாத் தெரியும்.


தெஹிவளையாள் எழுதினது:

நான் இந்த வேலை செய்யேல்ல, என்ர மனுசன் செய்தவர், அதால ஒண்டே ஒண்டு சொல்லுறன். லீவுல வீட்ட வந்து நிக்கேக்க அவர் நித்திரையில எழும்பி "லொகேஷன் சொல்லுங்கோ" எண்டு கதைப்பார். நான் முதல்ல என்னப்பா நடந்தது எண்டு துருவித் துருவிக் கேப்பன், அவர் இன்னும் வாயை மூடுவார். பிறகு கேக்கிறதை விட்டுட்டு இரவில ரெண்டு பேரும் கடற்கரைப் பக்கம் நடப்பம், ஒரு மாசம் போகத் தன்ர பாட்டில சொல்லத் தொடங்கினார். தம்பி, உங்களுக்கும் ஒராள் வேணும். வீட்டில இல்லையெண்டா 1926 எண்ட மனநல உதவி நம்பருக்கு அடிச்சாலும் கதைக்க ஆக்கள் இருக்கினம், தமிழிலயும் கதைக்கலாம். உங்கட ஆக்கள் நாலு பேருக்கும் நீங்கள் காது குடுக்கப் போறீங்கள், உங்களுக்குக் காது குடுக்கிறது ஆர் எண்டு போக முதலே யோசிச்சு வையுங்கோ.


வெள்ளவத்தை_நைட்ஷிப்ட் எழுதினது:

தெஹிவளை அக்கா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ ஒண்டும் சொல்லேல்ல, தலையைத் தடவிட்டுப் போயிட்டா. அண்டிரவு அந்த டைனிங் ஹோல் கதையை முதல்முதலா அவவுக்கு முழுசாச் சொன்னன்.

நேபாளப் பெடியனுக்கு நேற்று மெசேஜ் போட்டன், நம்பர் ஒண்டும் இல்லை, நான் வந்தவுடன உனக்கு ஒரு வேலை இருக்கு, மாறிக் கேக்கிற கட்டிடங்களை ரூம் கொப்பியில எழுதவேணும், நீதான் செய்ய வேணும் எண்டு மட்டும். அரை மணித்தியாலமாப் பதில் இல்லை, பிழையாச் சொல்லிப்போட்டனோ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். பிறகு வந்தது. அண்ணே, அந்த நெருப்பு நடந்த அடுத்த ஷிப்டில இருந்து நான் அதை எழுதிக்கொண்டுதான் இருக்கிறன், 31 சோடி வந்துட்டு, ஆரும் கேட்டா என்ன சொல்லுறது எண்டு தெரியாம மேசை லாச்சிக்குள்ள மற்ற ஃபோர்ம்களுக்குக் கீழ வைச்சிருக்கிறன் எண்டு.